கிரெய்க் இந்த முகவரியில் வசிக்கிறார்

கிரெய்க் உயிரோடு இருந்தவரை கெல்தார்ப் நகரசபை அவனைக் கண்டுகொண்டதே கிடையாது. அது அலட்சியம் அல்ல, சட்டம். பிரிந்துபோன தகப்பன் பிள்ளைக்குக் கொடுக்கிற ஜீவனாம்சத்தை, தாயின் வாடகை உதவியைக் கணக்கிடும்போது வருமானமாகச் சேர்க்கக் கூடாது என்று விதி. வெள்ளிக்கிழமைதோறும் அவன் ஷீனாவின் கையில் திணித்துவிட்டுப் போகும் நண்டு வாடை அடிக்கிற நோட்டுகளைப் பற்றி அவள் வருடம் தவறாமல் எழுதிக் கொடுப்பாள். நகரசபையும் வருடம் தவறாமல் அதை ஒதுக்கித் தள்ளும். இதில் யாருக்கும் மனவருத்தம் இருந்ததில்லை.

அவன் கடலில் காணாமல் போன பிறகுதான் நகரசபைக்கு அவன்மேல் அக்கறை பிறந்தது.

பிப்ரவரி மூடுபனியில் நண்டுக்கூண்டுகளைத் தூக்கப் போனவன் அவன். தனியாகத்தான் போனான். மறுநாள் மற்றப் படகுக்காரர்கள் அவன் படகைக் கண்டுபிடித்தபோது அது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆளில்லாமல் வட்டமடித்துக்கொண்டிருந்தது. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. உடல் கிடைக்கவில்லை.

ஷீனாவும் அவனும் கல்யாணம் செய்துகொண்டவர்கள் அல்ல. சேர்ந்து வாழ்ந்தார்கள், சண்டை போட்டுப் பிரிந்தார்கள், பிரிந்த பிறகுதான் இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்கவே ஆரம்பித்தது. அவன் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு கேரவன் வண்டியில் குடியிருந்தான். ஆனால் முகவரி மாற்றுவதற்கெல்லாம் அவனுக்குப் பொறுமை ஏது? வங்கிக் கடிதம், படகு உரிமம் எல்லாம் ஷீனா வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தன. அவன் போன பிறகு மதுக்கடையில் ஒருவன், "ஜீவனாம்சம் கட்ட முடியாம ஸ்பெயினுக்கு ஓடியிருப்பான்" என்று சொன்னதாக அவள் காதுக்கு வந்தது. அடுத்த தடவை அந்த ஆள் அவள் வேலை செய்கிற கடைக்குச் சிப்ஸ் வாங்க வந்தபோது அவள் வினிகர் பாட்டிலை அவன் பொட்டலத்தில் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஆனால் அந்தச் சொல் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. கிரெய்க் கடைசியாக வந்த வெள்ளிக்கிழமை, பணம் குறைகிறதே என்று அவளும் அவனை ஒரு வார்த்தை கேட்டிருந்தாள்.

ஒரு வருடம் கழித்து வாடகை உதவியைப் புதுப்பிக்கப் போனாள். மீன் பொரிக்கும் கடையில் அரைநாள் வேலை செய்கிறவளுக்கு அந்த உதவி இல்லாமல் வீடு இல்லை. கவுன்ட்டரில் ஆர்மராட் என்கிற அதிகாரி இருந்தார். கம்பளிச் சட்டை போட்டு, வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாயை உருட்டிக்கொண்டிருக்கிற, தன்மையான மனிதர்.

"ஜீவனாம்சம் எவ்வளவு வருதும்மா?"

"இப்ப வர்றதில்லைங்க."

"வந்தாலும் கவலையில்ல. நாங்க அதைக் கணக்குல எடுத்துக்க மாட்டோம்."

"அப்ப அந்த இடத்தைக் காலியா விட்டுடலாமா?"

ஆர்மராட் மிட்டாயைக் கன்னத்துக்கு ஒதுக்கினார். "காலியா விட்டா எப்படிம்மா? எதைக் கணக்குல எடுத்துக்கலன்னு எங்களுக்குத் தெரியணும்ல? ஒரு தொகை இருந்தாத்தானே அதை ஒதுக்க முடியும்? ஒன்னுமில்லாததை ஒதுக்குறதுக்கு கம்ப்யூட்டர்ல வழியில்ல."

"அவர் கடல்ல போயிட்டாருங்க. போன வருஷம்."

"அடடா." அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "மரணச் சான்றிதழ் வச்சிருக்கீங்களா?"

"உடம்பு கிடைக்கல. கோர்ட்டு சொன்னாத்தான் சான்றிதழாம். அதுக்கு வருஷக்கணக்கா ஆகும்னாங்க."

"அப்ப உயிரோட இருக்கார்."

"அப்படின்னு யார் சொன்னது?"

"இல்லன்னு யாரும் சொல்லலையே." ஆர்மராட் திரையைப் பார்த்தபடி பொறுமையாக விளக்கினார். "எங்களுக்குத் தெரிஞ்ச அப்பா மூணு ரகம்மா. காசு கொடுக்குறவர் ஒன்னு. கொடுக்காதவர் ரெண்டு, அவர் மேல நீங்க புகார் கொடுத்திருப்பீங்க. புகார் கொடுத்தீங்களா?"

"யார் மேலங்க? கடல் மேலயா?"

"கொடுக்கல. அப்ப மூணாவது ரகம். வீட்டோட இருக்குறவர். வீட்டோட இருக்குறவர் எதுக்கு ஜீவனாம்சம் கொடுக்கணும்?" அவர் எதையோ தட்டினார். "அவருக்கு எங்ககிட்ட இருக்குற ஒரே விலாசமும் உங்க வீடுதான். பாருங்க, அடுத்த பக்கம் திறந்துடுச்சு."

ஷீனா சிரித்துவிட்டாள். பேருந்தில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம், கடையில் கூட வேலை பார்க்கும் பாலினிடம் இதை எப்படிச் சொல்லிச் சிரிக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தாள்.

அந்த வார இறுதிக்குள் கடிதம் வந்துவிட்டது. அவளுக்கு முன்னால் மகள் மெய்சி அதைப் பிரித்துவிட்டாள். எட்டு வயது மெய்சிக்குப் புதிதாகப் படிக்க வந்த திமிர். கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பா, ஷாம்பு பாட்டில், எதையும் விடமாட்டாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உரக்க வாசித்தாள். வாடகை உதவி நிறுத்தப்படுகிறது, காரணம்: திரு கிரெய்க் மார்ஸ்டன் இந்த முகவரியில் வசிக்கிறார் என்று தீர்மானிக்கப்பட்டுள்ளது. உதவி தொடர வேண்டுமானால் அவர் நேரில் வந்து, தமக்கு வருமானம் ஏதும் இல்லை என்று கையெழுத்திட வேண்டும்.

"அம்மா, அப்பா இங்கதான் இருக்காராம்."

"தப்பா எழுதிட்டாங்க, கண்ணு."

"தீர்மானிக்கப்பட்டுள்ளதுன்னு போட்டிருக்கே?"

"தீர்மானிச்சதும் தப்புதான்."

மெய்சி கடிதத்தைத் திருப்பி, அடியில் இருந்த நகரசபை முத்திரையைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். யாரை நம்புவது என்று எடை போடுகிற பார்வை அது. அம்மாவிடம் முத்திரை எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு கிரெய்க்குக்குத் தபால் வர ஆரம்பித்தது. உயிரோடு இருந்தபோது அவனுக்கு இவ்வளவு வந்ததில்லை. குப்பையைத் தரம் பிரிப்பது எப்படி என்று ஒன்று. நூலகத்தில் சேருங்கள் என்று ஒன்று. பல் பரிசோதனைக்கு நாள் கடந்துவிட்டது, தங்கள் பற்களைப் பற்றிக் கவலைப்படுகிறோம் என்று ஒன்று. ஷீனா எல்லாவற்றையும் மெய்சி கண்ணில் படாமல் அடுப்படி இழுப்பறையில் போட்டுவைத்தாள். கிழித்துப் போட ஏனோ கை வரவில்லை.

வீடு மாறிப்போனது. மாடிப்படி தானாக முனகியது. முன்பும் முனகியிருக்கும், அவள் கேட்டதில்லை. குளியலறைக்குள் போகும்போது கதவைத் தட்டிவிட்டுப் போகிற பழக்கம் அவளுக்கு வந்தது. மெய்சி பள்ளியிலிருந்து வந்ததும் பின்கதவுத் தாழ்ப்பாளை எடுத்துவிட்டாள். "அப்பாதான் எப்பவும் சாவியைத் தொலைச்சுடுவாரே." தேநீர் போடும்போது இன்னொரு கோப்பையும் எடுத்து வைத்தாள். ஷீனா அதை எடுத்துக் கவிழ்ப்பாள். திரும்பி வந்து பார்த்தால் கோப்பை நிமிர்ந்திருக்கும். மெய்சிதான், வேறு யார்? ஆனாலும் ஒரு நாள் மெய்சி பள்ளிக்குப் போன பிறகும் கோப்பை நிமிர்ந்திருந்தது. காலையில் கவிழ்த்தோமா இல்லையா என்று ஷீனா அடுப்படியில் வெகுநேரம் நின்று யோசித்தாள்.

மேல்முறையீடு எழுதிப் போட்டதும், வீட்டைப் பார்வையிட மிஸ் விட்டகர் என்ற ஆய்வாளர் வந்தாள். வாசலிலேயே நின்று காலணிக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டாள். உள்ளே வந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"தூங்குறாரா?"

"யாரு?"

"அவர்தான். தொந்தரவு பண்ண வேண்டாமேன்னு கேட்டேன்."

"இந்த வீட்டுல நானும் என் பொண்ணும்தாங்க இருக்கோம்."

மிஸ் விட்டகர், அனுதாபத்தோடு தலையை அசைத்து அதையும் எழுதிக்கொண்டாள். நடைவழியில் கொக்கியில் மாட்டியிருந்த மஞ்சள் நிற மீன்பிடிக் கோட்டு முன்னால் நின்றாள். கேரவனைக் காலி செய்தபோது ஷீனா எடுத்துவந்த ஒரே பொருள் அது. மிஸ் விட்டகர் கையுறையைக் கழற்றி அதைத் தொட்டாள்.

"ஈரமா இருக்கு. சமீபத்துல போட்டிருக்கார்."

"சுவரு ஈரங்க. தொட்டுப் பாருங்க. வீட்டு ஓனர்கிட்ட சொல்லாத நாளில்ல."

"சுவர் ஈரம் என் பிரிவு இல்ல. வீட்டுத் தரப் பிரிவு." மிஸ் விட்டகர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள். "அவங்க போன வருஷமே பரிசோதிச்சு, உங்க சுவர் காய்ஞ்சிருக்குன்னு சான்றிதழ் கொடுத்துட்டாங்க. காய்ஞ்ச சுவர்ல தொங்குற கோட்டு எப்படிம்மா தானா நனையும்? நனைச்சுட்டு வந்தவர் ஒருத்தர் இருக்கணும்ல?"

சுவரில் ஒரு துளி இறங்கி, கோட்டின் தோளில் விழுந்தது. மிஸ் விட்டகர் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தாள்.

அடுப்படியில் மெய்சி மேசை போட்டிருந்தாள். மூன்று கோப்பைகள்.

"அப்பா எங்க உட்காருவார், செல்லம்?"

மெய்சி ஜன்னலோரத்து நாற்காலியைக் காட்டினாள்.

"நேத்து வந்தாரா?"

மெய்சி அம்மா முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, இருந்தாலும் வாய்ப்பை விட மனமில்லை. "நான் தூங்கிட்டேன்" என்றாள்.

"சாட்சி தூங்கிவிட்டார்" என்று மிஸ் விட்டகர் எழுதிக்கொண்டாள். வாசலில் உறைகளைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மாடிப்படியைப் பார்த்து மரியாதையாக, "வர்றேன் சார்" என்றாள்.

மேலே ஒரு பலகை கிறீச்சிட்டது.

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். "பழைய வீடு" என்றாள் ஷீனா. மிஸ் விட்டகர் அதையும் எழுதிக்கொண்டு போனாள்.

கதவைச் சாத்திவிட்டு ஷீனா மாடிக்கு ஏறினாள். படுக்கையறையைப் பார்த்தாள், குளியலறையைப் பார்த்தாள், அலமாரியைக்கூடத் திறந்து பார்த்தாள். யாரும் இல்லை. யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரியும். தெரிந்தும் ஏறி வந்தோமே என்பதுதான் அவளைப் படுக்கையின் விளிம்பில் உட்கார வைத்தது. தலைமுடியைக்கூட ஒரு கையால் சரிசெய்துகொண்டல்லவா ஏறி வந்திருக்கிறாள்.

வாடகை பாக்கி ஏறியது. வீட்டுச் சொந்தக்காரர், வெளியேறச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார். பள்ளியிலிருந்து ஆசிரியை கூப்பிட்டு, விளையாட்டு விழாவுக்கு அப்பா வரப்போவதாக மெய்சி சொல்கிறாளே, நல்ல செய்திதானா என்று கேட்டாள். ஷீனா கடையில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று அழுதாள். பாலின் அவள் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினாள்.

"அழாதடி. என் வீட்டுல ஒருத்தன் சோபாவுல படுத்தே கிடக்கான். இருக்கானா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. உனக்குன்னா, இல்லாதவன் இருக்கான்னு எழுத்துலயே கொடுத்திருக்கானுங்க! போய்ச் சண்டை போடு. பேச்சு வரலன்னா அந்த மேசையைக் கவுத்துட்டு வா."

மேல்முறையீட்டுக் குழு நகரசபையின் மேல்மாடியில் கூடியது. பள்ளி விடுமுறை, பாலினுக்கும் வேலை. மெய்சியையும் கூட்டிக்கொண்டுதான் ஷீனா போக வேண்டியிருந்தது. நீண்ட மேசைக்குப் பின்னால் குழுத் தலைவர் ஃபாதர்கில், அவர் பக்கத்தில் ஒரு எழுத்தர். மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். ஒன்றின் முன்னால் 'ஷீனா ப்ளென்கின்' என்ற பெயர் அட்டை. இன்னொன்றின் முன்னால் கிரெய்க்கின் பெயர் அட்டை, ஒரு கிளாஸ் தண்ணீரோடு. மெய்சிக்குச் சுவரோரம் ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள்.

ஃபாதர்கில் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு பேச ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றினால் அவர் இரக்கம் காட்டப்போகிறார் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"மிஸ் ப்ளென்கின், இந்த நகரசபைக்கு இதயம் இல்லைன்னு யாரும் சொல்லிடக் கூடாது. உங்க துக்கம் எங்களுக்குப் புரியுது. அதனாலதான் அவரை இன்னும் உயிரோட வச்சிருக்கோம். செத்துட்டார்னு சொல்ல எங்களுக்கு மனசு வரலம்மா. நீங்கதான் கொஞ்சம் அவசரப்படுறீங்க."

"ஐயா, அவர் காசு கொடுத்தப்ப நீங்க அதைக் கண்டுக்கல..."

"கண்டுக்க மாட்டோம்! அதுதான் எங்க பெருமை." அவர் குரலில் உணர்ச்சி ஏறியது. "ஒரு தகப்பன் தன் பிள்ளைக்குக் கொடுக்குற காசுல நாங்க ஒரு பென்னியக்கூடத் தொட்டதில்ல. கொடுக்காத காசைத்தான் நாங்க கணக்குல எடுக்க வேண்டியிருக்கு. நீங்க எங்க நிலைமையையும் யோசிச்சுப் பாக்கணும். எத்தனையோ அப்பனுங்க பொறுப்பை விட்டுட்டு ஓடிடறாங்க. ஆத்திரப்படாதீங்க, நான் அவரைச் சொல்லல. ஆனா கடல்ங்கறது ரொம்ப வசதியான சாக்கு. கடல்ல போயிட்டேன்னு ஒருத்தர் சொல்லிட்டா நாங்க எங்கன்னு போய்த் தேடுவோம்?"

"அவர் சொல்லலையே. அவர் எப்படிச் சொல்வார்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். அவர் தரப்பு விளக்கம் இதுவரைக்கும் வரல. இருந்தாலும் அவருக்கு முழு வாய்ப்பு கொடுக்கணும்கிறது எங்க நடைமுறை." அவர் கதவருகில் நின்ற சேவகரிடம் தலையசைத்தார்.

சேவகர் நடைவழிக்குப் போய்க் குரலெடுத்துக் கூப்பிட்டார். "கிரெய்க் மார்ஸ்டன்! கிரெய்க் மார்ஸ்டன்!"

காலியான நடைவழி அந்தப் பெயரைக் கடைசிவரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தது. வந்து சேர்ந்தபோது அது வேறு யாரோ கூப்பிடுவதுபோல இருந்தது. காலடிச் சத்தம் கேட்டது. மெதுவான, கனமான, ஆண் காலடி. நெருங்கிக்கொண்டே வந்தது. ஃபாதர்கில் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எழுத்தர் வாயைத் திறந்தபடி கதவைப் பார்த்தான்.

கதவு திறந்தது. சேவகர்தான். "வரலைங்க" என்றார்.

அப்போதுதான் ஷீனா திரும்பிப் பார்த்தாள். மெய்சி ஸ்டூலை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். சட்டையின் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டுக்கொண்டு, கதவைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"இந்த லிஃப்ட் மெதுவாத்தான் வரும்மா" என்றாள். "நாம வரும்போதும் நேரமாச்சு."

ஷீனா எழுந்தாள். மேசையைக் கவிழ்க்கவில்லை. குழுவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்ப் பிள்ளையின் முன்னால் மண்டியிட்டு, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"மெய்சி, என்னைப் பாரு. கதவைப் பாக்காத, என்னைப் பாரு. அப்பா வரமாட்டார். லிஃப்ட்லயும் வரமாட்டார், படியேறியும் வரமாட்டார். நம்ம வீட்டுல அவர் இல்ல. அப்பா கடல்ல இருக்கார். அங்கதான் இருப்பார்."

"எப்பவுமேவா?"

இந்த வார்த்தையை ஒரு வருடமாக அவள் தனக்குக்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. "எப்பவுமே" என்றாள்.

மெய்சியின் உதடு மடிந்தது. அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளிடமிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுச் சேவகர் தொப்பியைக் கழற்றினார்.

எழுத்தர் தொண்டையைச் செருமினான். "ஐயா. எப்பவுமேன்னு சொல்றாங்க."

"ஆமா, கேட்டேன்."

"எப்பவுமேன்னா நிரந்தர முகவரி ஐயா."

ஃபாதர்கில்லின் முகம் மெல்லத் தெளிந்தது. மூடுபனி விலகினாற்போல இருந்தது. "நம்ம நகரசபை எல்லை எதுவரைக்கும்?"

"அலை இறங்கி நிக்கிற கோடு வரைக்கும் ஐயா."

"அவர் அதுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? அம்மா, சிரமத்துக்கு மன்னிக்கணும். அந்தப் பக்கம்தானே?"

ஷீனா பிள்ளையை அணைத்தபடி திரும்பாமலே சொன்னாள். "ரொம்ப தூரம் அந்தப் பக்கம்."

"முடிஞ்சுது!" ஃபாதர்கில் மேசையைத் தட்டினார். "அவர் நம்ம எல்லைக்கு வெளியில குடி போயிட்டார். வாடகை உதவி, நிறுத்தின நாளிலிருந்து திரும்பக் கொடுக்கப்படும். இதை முதல் நாளே ஆர்மராட்கிட்ட சொல்லியிருந்தா இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காதேம்மா! எல்லாரும் விஷயத்தை மறைச்சு மறைச்சுப் பேசுறதாலதான் எங்களுக்குக் கெட்ட பேரு." பிறகு ஏதோ நினைவு வந்து குனிந்தார். "அங்கிருந்து ஏதாவது அனுப்புறாரா?"

"என்னது?"

"ஜீவனாம்சம். அனுப்பினா மறக்காம எழுதிக் கொடுங்க. பயப்பட வேண்டாம். நாங்க கண்டுக்க மாட்டோம்."

பேருந்தில் மெய்சி ஜன்னல் கண்ணாடியில் மூச்சு விட்டு அழித்துக்கொண்டே வந்தாள். துறைமுகத் திருப்பத்தில், "எனக்குத் தெரியும்மா" என்றாள். "அப்பவே தெரியும். ஆனா அவங்க எழுதியிருந்தாங்களா..."

"ஆமா" என்றாள் ஷீனா. "நானும் மாடிக்குப் போய்ப் பார்த்தேன்."

மெய்சி திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு நெருங்கி உட்கார்ந்துகொண்டாள்.

வாடகை உதவி வந்தது. வீட்டுச் சொந்தக்காரர் நோட்டீஸைக் கிழித்தார். ஒட்டியிருந்த இடத்தில் சுவர்ப்பூச்சும் கூடவே பெயர்ந்து வந்தது. கிரெய்க்குக்குத் தபால் நின்றது. மாடிப்படி இன்னும் முனகத்தான் செய்தது. அதைக் கேட்டு யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

கடைசியாக ஒன்று மட்டும் வந்தது. கடலுக்குத் தபால் போகாது என்பதால் பழைய முகவரிக்கே அனுப்பியிருந்தார்கள். ஊரைவிட்டுப் போனவர்களின் கருத்தை அறிய நகரசபை விரும்புகிறதாம். திரு கிரெய்க் மார்ஸ்டன் சில கேள்விகளுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். ஷீனா ஈரக் கையோடு அதைக் கிழிக்கப் போனாள். மெய்சி வாங்கிக்கொண்டாள். மேசையில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்தபடி ஒவ்வொன்றாகப் படித்தாள். தெருவிளக்குகள் திருப்தியாக இருந்தனவா? விட்டுவிட்டாள். குப்பை அள்ளுவது? விட்டுவிட்டாள்.

தாங்கள் எங்கள் ஊரைவிட்டுப் போனதற்குக் காரணம் என்ன? வாடகை அதிகம். அண்டை வீட்டாரோடு பிரச்சினை. இதைவிட நல்ல இடம் கிடைத்தது. குடும்பப் பொறுப்புகள். வேறு காரணம், தயவுசெய்து விளக்கவும்.

மெய்சி 'வேறு காரணம்' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் இருந்த இடத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு, உருண்டை உருண்டையான எழுத்தில் எழுதினாள்:

'அவர் போகணும்னு போகல.'

ஷீனா பின்னால் நின்று படித்தாள். அவள் விரல் நுனியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. மறுபடி படித்தாள்.

"எழுத்துப் பிழை இருக்கா?" என்றாள் மெய்சி.

"இல்ல, கண்ணு" என்றாள் ஷீனா. "ஒன்னுகூட இல்ல."

தபால்தலை ஒட்டத் தேவையில்லை, செலவை நகரசபையே ஏற்கும் என்று உறையின் மேல் அச்சிட்டிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, இருவரும் நடந்துபோய்த் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்கள்.